வேளச்சேரியில் எத்தனை தலைகள்?

பகலில் ஒரு கணக்கு; இரவில் ஒரு கணக்கு!

காலை 8 மணி. வேளச்சேரி விஜயநகர் பஸ் நிலையம். நிற்க இடம் இல்லை. கையில் சாப்பாட்டுப் பை, முகத்தில் அவசரம். தியாகராயநகர் போகும் பஸ் வருகிறது. ஒரு கூட்டம் ஏறிக்கொள்கிறது. தரமணிப் பக்கம் போகும் பஸ் வருகிறது. இன்னொரு கூட்டம் ஓடுகிறது. பறக்கும் ரெயில் நிலையத்தை நோக்கி ஒரு கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.

பகல் 11 மணி. அதே வேளச்சேரி. உள்தெருக்களில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தைகள் மட்டும்தான். ஆனால் பெரிய கடை வளாகங்களிலோ ஒரே நெரிசல்! விற்பனைப் பெண்கள், காவலாளிகள், சமையல்காரர்கள், சாமான் வாங்க வந்தவர்கள் என்று வேறு ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள்.

இரவு 10 மணி. வந்தவர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் வந்துவிட்டார்கள். அடுக்கு மாடி வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிகிறது.

இப்போது சொல்லுங்கள்! வேளச்சேரியில் எத்தனை தலைகள்? காலைக் கணக்கா, பகல் கணக்கா, இரவுக் கணக்கா?

இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ், ரேஷன் அரிசி, ஓட்டு ஆகிய எல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நடக்கின்றன. வெள்ளம் வந்தால் எந்தத் தெருவுக்கு முதல் படகை அனுப்புவது என்பதும் இதில்தான் இருக்கிறது. கணக்கு தப்பினால் காரியமும் தப்பும்.

தூங்குகிற இடமே சொந்த இடம்!

சர்க்கார் எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கில் ஒரு விதி உண்டு. ஓர் ஆள் எங்கே வேலை செய்கிறான் என்று பார்த்து அவனை எண்ணுவதில்லை. எங்கே குடியிருக்கிறான், எங்கே படுத்து எழுந்திருக்கிறான் என்று பார்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

வேளச்சேரியில் வீடு, தியாகராயநகரில் ஜவுளிக்கடை வேலை. அப்படிப்பட்டவர் எந்தக் கணக்கில் வருவார்? வேளச்சேரிக் கணக்கில்தான். பகல் முழுவதும் அவர் தியாகராயநகரில்தான் தண்ணீர் குடிக்கிறார், அங்கேதான் நடக்கிறார், அங்கேதான் சாப்பிடுகிறார். ஆனால் தியாகராயநகர்க் கணக்கில் அவர் இல்லை!

ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தாலும் சரி, ஜனத்தொகைப் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க முடியாது. அந்தத் தெருவில் இரவில் தங்குகிறவர்கள் மட்டுமே புத்தகத்தில் இருப்பார்கள்.

ஆகவே பெரிய பட்டணத்துக்கு ஒரு படம் போதாது. இரவுப் படம் ஒன்று வேண்டும். பகல் படம் ஒன்று வேண்டும். ஜனத்தொகைக் கணக்கு தருவது இரவுப் படம். பகல் படத்தை பஸ் டிக்கெட், ரெயில் டிக்கெட், சாலையில் போகும் வண்டிகள் ஆகியவற்றை எண்ணித்தான் அனுமானிக்க வேண்டும்.

ஒரே ராத்திரியில் எண்ணினார்கள்!

சென்னைப் பட்டணத்தில் தலை எண்ணும் வேலை இன்று நேற்று வந்தது அல்ல. 1871-ம் ஆண்டு கணக்கெடுப்பில் பட்டணத்தின் ஜனத்தொகை 3,97,552. அந்தக் கணக்குக்குச் சென்னை மாகாணத்துக்காகப் பெரிய அறிக்கை எழுதியவர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார டாக்டர்.

நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணத் தொடங்கியது 1881-ம் ஆண்டில். அதிலிருந்து 2011 வரை பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை தவறாமல் நடந்தது. உலக யுத்தம் நடந்த 1941-ல்கூட நிற்கவில்லை.

1931 வரை வேடிக்கையான ஒரு முறை இருந்தது. குறிப்பிட்ட ஒரே இரவில் நாடு பூராவும் எண்ணிவிடுவார்கள்! அந்த ராத்திரி யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே கணக்கு. விருந்துக்கு வந்த மருமகன் மாமியார் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுவார்! இந்த முறைக்கு லட்சக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் வேண்டும். அதனால் 1941-ல் மாற்றினார்கள். இப்போது சுமார் மூன்று வாரம் வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்கள்.

2011-ம் ஆண்டு பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். பிப்ரவரி 28 இரவு, நடைபாதையிலும் ரெயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருந்த வீடற்றவர்களை எண்ணினார்கள். பிறகு மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் ஒரு சுற்று. எதற்கு? இடையில் பிறந்த குழந்தைகளைச் சேர்க்க, இறந்தவர்களைக் கழிக்க.

பிப்ரவரி 28 இரவு 11 மணி 55 நிமிடத்துக்குப் பிறந்த குழந்தை கணக்கில் உண்டு. பத்து நிமிடம் கழித்துப் பிறந்த குழந்தை கணக்கில் இல்லை! நள்ளிரவு 12 மணிதான் கோடு.

டீச்சர் போடும் சின்னப் படம்

பெரும்பாலும் எண்ண வருகிறவர்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள். 2011-ல் நாடு முழுவதும் சுமார் 27 லட்சம் பேர் இந்த வேலையைச் செய்தார்கள்.

ஒருவருக்குக் கொடுக்கும் இடம் சிறியது. சுமார் 600 முதல் 750 பேர் வசிக்கும் சில தெருக்கள். அவ்வளவுதான். அவர் முதலில் என்ன செய்கிறார் தெரியுமா? கணக்குக்கு முன்பு படம் போடுகிறார்!

வடக்கு எது, தெற்கு எது என்று குறித்துக்கொள்கிறார். தெருவைக் கோடாகப் போடுகிறார். கோயிலை, குளத்தை, தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைக்கிறார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சதுரம் போட்டு நம்பர் கொடுக்கிறார். எந்தச் சந்திலிருந்து எந்தச் சந்துக்குப் போக வேண்டும் என்று அம்புக்குறி போடுகிறார்.

இந்தச் சின்னப் படம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டை இரண்டு பேர் எண்ணுவார்கள். ஒரு வீட்டை யாருமே எண்ண மாட்டார்கள். கொல்லைப்புறத்துக் குடிசை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் காவலாளி குடும்பம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகிய இவர்கள்தான் சுலபமாக விட்டுப்போகிறவர்கள். படத்தில் சதுரம் இருந்தால்தான் கணக்கில் தலை இருக்கும்.

இப்படி லட்சக்கணக்கான சின்னப் படங்களை ஒட்டினால் வார்டுப் படம். வார்டுகளை ஒட்டினால் பட்டணத்துப் படம். பட்டணங்களை ஒட்டினால் நாட்டுப் படம்.

மானுக்கும் ஒரு பங்கு!

இனி இந்தப் படத்தைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு கிலோ மீட்டர் நீளம், ஒரு கிலோ மீட்டர் அகலம். இப்படி ஒரு சதுரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள்? அதுதான் ஜன நெருக்கம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் சராசரி 555 பேர். சென்னை மாவட்டத்திலோ 26,553 பேர்! ஏறத்தாழ 48 மடங்கு.

நெருக்கம் அதிகமான வட்டாரத்துக்குக் கருஞ்சிவப்பு, குறைந்த வட்டாரத்துக்கு வெளிர் மஞ்சள் என்று சாயம் பூசினால் படம் தயார்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோ மீட்டர். அங்கே வசிப்பவை புள்ளிமான்களும் வெளிமான்களும். அதை ஒட்டி 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யின் மரம் நிறைந்த பெரிய வளாகம். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்.

இந்தக் காட்டையும் சதுப்பையும் சேர்த்துப் பரப்பு கணக்குப் போட்டு ஜனங்களை வகுத்தால் என்ன ஆகும்? "ஓகோ, இங்கே நெருக்கம் குறைவுதான்" என்று படம் சொல்லும். ஆனால் மனிதர்கள் மான் காட்டில் பரவி நிற்பதில்லையே! மிச்சம் இருக்கும் கொஞ்ச நிலத்தில்தான் அடுக்கு மேல் அடுக்காக இருக்கிறார்கள். மானுக்கும் மனிதனுக்கும் சமபங்கு வைத்த கதைதான் இது!

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் காட்டையும் நீர்நிலையையும் கழித்துவிடுகிறார்கள். வீடு இருக்கும் நிலத்தை மட்டும் வைத்து வகுக்கிறார்கள். அப்போதுதான் உண்மை நெருக்கம் தெரியும்.

பிள்ளை பிறக்காமலே 20 லட்சம் பேர்!

இன்னொரு பொறியும் உண்டு. அது எல்லைக் கோடு.

சென்னை நகரின் ஜனத்தொகை வளர்ந்த விதத்தைப் பாருங்கள்:

1901: 5,09,346
1941: 7,77,481
1951: 14,16,056
1971: 24,69,449
2001: 43,43,645
2011: 46,46,732

1941-க்கும் 1951-க்கும் இடையே தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டதே, எப்படி? கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தது உண்மை. ஆனால் 1946-ல் சைதாப்பேட்டை போன்ற சுற்றுப்புற ஊர்களை நகரத்தோடு சேர்த்ததும் ஒரு காரணம். ஜனமும் பெருகியது. எல்லையும் பெருகியது!

2011-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு மார்ச்சில் கணக்கு முடிந்தபோது மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை 46 லட்சத்துச் சொச்சம். அக்டோபரில் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். பரப்பு 426 சதுர கிலோ மீட்டர் ஆயிற்று. அதே 2011 கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 67 லட்சம் ஆயிற்று. ஒரு பிள்ளைகூடப் புதிதாகப் பிறக்காமலே 20 லட்சம் பேர் கூடிவிட்டார்கள்!

வேளச்சேரிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதற்கு முன்பே வேளச்சேரி மாநகராட்சிக்குள் இருந்தது. ஆனால் பக்கத்து மடிப்பாக்கம் கிராம ஊராட்சி. பள்ளிக்கரணையும் பெருங்குடியும் பேரூராட்சி. உள்ளகரம் - புழுதிவாக்கம் நகராட்சி. நடந்து போகும் தூரத்துக்குள் இத்தனை எல்லைகள்! மழைத்தண்ணீருக்கு எல்லை தெரியுமா? கொசுவுக்கு எல்லை தெரியுமா? ஜனங்கள் வீடு மாறும்போது எல்லை பார்த்தா மாறுகிறார்கள்? எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அதனால்தான் நகரத்தோடு ஒட்டி வளர்ந்த ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து, "பெருநகரத் தொகுதி" என்று தனியாக ஒரு கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 2011-ல் சென்னைத் தொகுதியின் ஜனத்தொகை சுமார் 86½ லட்சம்.

நடுவில் மெதுவு, ஓரத்தில் வேகம்

சரி, இந்தப் படம் நமக்கு என்ன சொல்கிறது?

2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 7 சதவீதம்தான் கூடியது. ஆனால் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுமார் 39 சதவீதம். திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் 35 சதவீதம். பட்டணத்தின் நடுவில் வளர்ச்சி மெதுவாகிவிட்டது. ஓரம் கிடுகிடு என்று வளர்ந்தது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தைப் பார்த்து பர்ஜஸ் என்ற அறிஞர் 1925-ல் ஒரு படம் போட்டார். குளத்தில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாக அலை பரவுமே, அதைப் போல நகரமும் நடுவிலிருந்து வளையம் வளையமாகப் பரவுகிறது என்றார். நடுவில் கடைகள், அடுத்து பழைய வீடுகள், அதற்கு வெளியே உத்தியோகஸ்தர் வீடுகள்.

நம் சென்னையிலும் இந்த அலையைப் பார்க்கலாம். மயிலாப்பூர் பழைய ஊர். அடுத்து 1920-களில் தியாகராயநகர் எழுந்தது. அன்று அது அமைதியான குடியிருப்பு. இன்றோ உஸ்மான் ரோட்டில் வீடுகள் கடைகள் ஆகிவிட்டன. வாடகை ஏறியது. குடும்பங்கள் தெற்கே நகர்ந்தன. அடையாறு நிறைந்தது, அலை வேளச்சேரியைத் தொட்டது, அங்கிருந்து மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

வேளச்சேரி பழைய ஊர்தான். தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு ஏரிப்பாசன ஊராக இருந்த இடம், ஒரு தலைமுறைக்குள் பட்டணமாக மாறியது எப்படி?

2000-ம் ஆண்டில் பக்கத்துத் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். 2007 நவம்பரில் பறக்கும் ரெயில் வேளச்சேரி வரை வந்தது. மயிலாப்பூருக்கும் கடற்கரைக்கும் நேர் வண்டி! 2013-ல் பெரிய வணிக வளாகம் ஒன்று திறந்தது. வேலை வந்தது, ரெயில் வந்தது, கடை வந்தது. ஜனம் வராமல் இருக்குமா?

தலை எண்ணிக்கை ஓட்டாகவும் மாறியது. 2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளை மாற்றி அமைத்தார்கள். வேளச்சேரி தனிச் சட்டசபைத் தொகுதி ஆயிற்று. 2011-ல் முதல் தடவையாகத் தனக்கென்று ஓர் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தது.

வந்தவர்கள் வேறு, அனுப்பப்பட்டவர்கள் வேறு

ஆனால் ஓரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தாமாக விரும்பி வந்தவர்களா? இல்லை. இதைப் படம் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வேளச்சேரிக்குத் தென்கிழக்கே கண்ணகி நகர். அதற்கு அப்பால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருந்த குடும்பங்களை 2000-ம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் போயின.

படத்தில் பார்த்தால் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு தெரியும். "ஆகா, தெற்கே என்ன வளர்ச்சி!" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் திட்டுக்குள் இருக்கும் அம்மாள் முன்பு மயிலாப்பூரில் நடந்தே போய் வீட்டு வேலை செய்திருப்பாள். இப்போது விடியற்காலையில் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். தலைதான் இடம் மாறியது; வேலை இடம் மாறவில்லை.

எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கில் அந்தக் கேள்விகளும் இருக்கின்றன. எங்கே பிறந்தீர்கள், இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், என்ன காரணத்தால் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். 2011-ல் வீட்டாரிடம் கேட்ட 29 கேள்விகளில் இவையும் சேர்ந்தவை.

படத்தில் இல்லாத ஏரி

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

தியாகராயநகர் எதன் மேல் கட்டப்பட்டது? ஏரியின் மேல்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. ரோடு இருக்கிறது, லேக் எங்கே?

வேளச்சேரி கதையும் அதுவே. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் என்கிறார்கள். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 55 ஏக்கர். மற்றது வீடாகவும் சாலையாகவும் ஆகிவிட்டது.

ஏரி போனாலும் பள்ளம் போகாதே! ஆதம்பாக்கத்திலிருந்து வரும் வீராங்கால் ஓடை வேளச்சேரி வழியாகத்தான் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். வழியில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

நின்றது! 2005-ல் நின்றது. 2015 டிசம்பரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் மாடி வீட்டில் தஞ்சம் புகுந்தார்கள். பால் இல்லை, மின்சாரம் இல்லை. 2015-ல் சென்னையின் கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத் தெருவாக ஜனங்களைக் காப்பாற்றியதை யார் மறக்க முடியும்?

அந்த நேரத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? எந்தத் தெருவில் கீழ்த்தளத்தில் எத்தனை பேர் தூங்குகிறார்கள்? அதில் நடக்க முடியாத கிழவர்கள் எத்தனை பேர்? பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை பேர்? ஜனங்களின் படத்தையும் மேடு பள்ளத்தின் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். ஜனங்களை மட்டும் காட்டும் படம் அரைப் படம். தண்ணீரை மட்டும் காட்டும் படமும் அரைப் படம்.

லண்டன் குழாயடி

இப்படி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

1854-ம் ஆண்டு. லண்டனில் சோகோ என்ற வட்டாரம். காலரா பரவியது. பத்தே நாட்களில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காற்றில் வரும் கெட்ட நாற்றம்தான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள்.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் நம்பவில்லை. எந்த எந்த வீட்டில் சாவு விழுந்தது என்று விசாரித்தார். பிறகு தெருப் படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதே படத்தில் தண்ணீர் அடிக்கும் பம்புகளையும் குறித்தார். கோடுகள் எல்லாம் பிராட் தெருப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன! அவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். கெட்ட தண்ணீர்தான் காலராவுக்குக் காரணம் என்பதற்கு அந்தப் படம் பெரிய சாட்சி ஆயிற்று.

அவரிடம் விமானம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வீடு வீடாகப் போன கால்களும், தண்ணீரையும் ஜனங்களையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த கண்ணும்தான் இருந்தன.

இன்று வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் வேளச்சேரியின் ஒவ்வொரு கூரையையும் படம் பிடித்துவிடுகிறது. ஆனால் கூரைக்குக் கீழே எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. ஒரு வீடு பூட்டிக் கிடக்கலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். பக்கத்து வீட்டில் ஓர் அறைக்கு ஆறு இளைஞர்கள் பங்கு போட்டுத் தங்கியிருக்கலாம். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கதவைத் தட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

பழைய சட்டை

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. 1881-க்குப் பிறகு பத்தாண்டு வரிசை அறுந்தது இதுவே முதல் தடவை.

இதனால் என்ன நஷ்டம்? 2011-ல் பத்து வயதுப் பையனுக்கு அளவு எடுத்துத் தைத்த சட்டையை வாலிபனுக்குப் போட்டது போல ஆயிற்று. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு மத்திய சர்க்காரின் ரேஷன் தானியம் என்பதை 2011 தொகையை வைத்துத்தான் நிர்ணயித்தார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை போன்ற இடங்களில் அதற்குப் பின்பு குடிவந்தவர்கள் எத்தனையோ பேர்! அவர்கள் வரி கட்டுகிறார்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள், வெள்ளத்தில் நனைகிறார்கள். ஆனால் 2011 படத்தில் அவர்கள் இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூன் 16 அன்று வெளிவந்தது. அதன்படி 2027 மார்ச் 1-ம் தேதி பிறக்கும் நள்ளிரவுதான் தமிழ்நாட்டுக்கும் கணக்கு நேரம். முதலில் வீடுகளின் பட்டியல். பிறகு தலைகளின் எண்ணிக்கை. காகிதத்துக்குப் பதிலாகக் கைப்பேசி. சாதி விவரமும் எழுதப்படும்.

கதவைத் திறங்கள்!

எண்ண வருகிறவர்களைப் பார்த்துப் பலருக்குப் பயம். "எதுக்கு டீச்சர் இதெல்லாம் கேக்கறீங்க? வரி போடுவாங்களா?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. "வாடகைக்கு இருக்கறவங்களைச் சொல்லாதே" என்று காதோடு சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு.

பயப்பட வேண்டியதில்லை. 1948-ம் ஆண்டு ஜனத்தொகைச் சட்டப்படி நீங்கள் சொல்லும் விவரம் ரகசியம். கோர்ட்டில்கூட அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. வெளியிடப்படுவது தொகை மட்டுமே, பெயர் அல்ல. சரியான பதில் சொல்வது நம் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பாட்டிமார்களுக்கு ஒரு நல்ல சேதி. வழக்கம் தடுக்குமானால் கணவர் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஆகவே கதவு தட்டப்பட்டால் திறங்கள். வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவரைச் சொல்லுங்கள். பின்கட்டில் இருக்கும் கிழவியைச் சொல்லுங்கள். நேற்றுப் பிறந்த குழந்தையையும் சொல்லுங்கள். பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

உங்கள் தெரு பள்ளமா, எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் வார்டுக் கூட்டத்தில் எழுந்து அதையும் சொல்லுங்கள். தலைக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒரே படத்தில் வரும் வரையில் சொல்லிக்கொண்டே இருங்கள்.

அடுத்த மழைக்குப் படகு வரும்போது, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்து வர வேண்டும் அல்லவா?